வியாழக்கிழமைத் தண்ணீர்

நான் செய்யும் வேலையை என் மாமியாருக்கு இன்றுவரை சரியாக விளக்க முடிந்ததில்லை. நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரத்தை இயக்குவதும் நான் இல்லை, அதற்கு டெக்னீஷியன் இருக்கிறார். ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று டாக்டர் எழுதுகிறார். இயந்திரம் அதே அளவைத்தான் தருகிறதா என்று அளந்து சொல்வது என் வேலை. திருவள்ளூருக்கு வெளியே இருக்கும் எங்கள் மருத்துவமனையில் இதற்கு இரண்டே பேர்தான். என் சீனியர், அவருக்குக் கீழே நான்.

அளப்பது தண்ணீரில். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர் என்பதால் உடம்புக்குப் பதிலாக ஒரு கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீரை இயந்திரத்தின் கீழே வைப்போம். அதற்குள் பேனா பருமனுக்கு ஒரு குழாய் இருக்கும். அதை சேம்பர் என்போம். அதன் நுனியில் துளிக் காற்று. கதிர் பட்டதும் அந்தக் காற்றில் உண்டாகும் மின்னூட்டத்தை வெளியே இருக்கும் மீட்டர் காட்டும். காற்று சூடாக இருந்தால் மெலிந்துவிடும், மீட்டர் குறைவாகக் காட்டும். அதனால் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்து, கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். படிக்கும்போதே மனப்பாடமான விஷயம் இது.

ஆனால் எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. தொட்டியை முந்தின நாள் மாலையே நிரப்பி வைத்துவிடுவோம். அறையில் ஏசி எந்நேரமும் ஓடும். மறுநாள் காலைக்குள் தண்ணீரும் அறையும் ஒரே குளிருக்கு வந்துவிடும். ஆகவே சுவரில் மாட்டியிருக்கும், அறை வெப்பநிலையைக் காட்டும் டிஜிட்டல் மீட்டரைப் பார்த்து இருபத்திரண்டு டிகிரி என்று எழுதிவிடுவோம். தண்ணீரில் போட வேண்டிய வெப்பமானி அதன் பெட்டியிலேயே மேசை டிராயரில் கிடந்தது. சீனியரும் அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான் செய்தேன். ஒருநாளும் தப்பானதில்லை.

அந்த வாரம் தொட்டியின் அடியில் வழவழவென்று பாசி பிடித்திருந்தது. புதன் மாலை காலிசெய்து கழுவச் சொன்னேன். அன்றைக்கு மோட்டார் ஓடவில்லை, மறுபடி நிரப்பத் தண்ணீர் இல்லை. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேல் துப்புரவு வேலை செய்யும் அக்கா தொட்டியை நிரப்பிவிட்டு வந்து, ரொப்பிட்டேன் என்று சொன்னார். சரி என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அது சித்திரை மாதம். தண்ணீர் மொட்டை மாடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் டேங்கிலிருந்து வருவது. இரண்டும் எனக்குத் தெரியும்.

மதிய இடைவேளையில் இயந்திரம் சும்மா இருக்கும் ஒரு மணி நேரத்தில் அளக்க வேண்டும். சீனியர் புதன்கிழமையே சென்னைக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். பதினாறு மாதமான என் மகளுக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். நாங்கள் புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் மாடி போர்ஷனில் குடியிருக்கிறோம். கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். குழந்தையைக் கீழ் வீட்டு உரிமையாளர் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். சேம்பரைப் பொருத்திக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு. நூற்றியிரண்டு இருக்கிறது, மருந்தைத் துப்பிவிட்டாள் என்றார். அரை வில்லையைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னேன், உடனே தேன் வேண்டாம் என்றேன், பிறகு தண்ணீரிலேயே கொடுங்கள் என்றேன்.

அதற்குப் பிறகுதான் அளந்தேன். இயந்திரம் தர வேண்டியதைவிட இரண்டேகால் சதவீதம் குறைவாகத் தருவதாகக் கணக்கு காட்டியது. இரண்டைத் தாண்டினால் சரிசெய்ய வேண்டும் என்பது எங்கள் விதி. இன்னொரு முறை அளந்தேன். அதே எண். மூன்றாவது முறையும் அதே எண். மூன்று முறையும் சுவரைப் பார்த்து இருபத்திரண்டு என்றே எழுதினேன். இயந்திரத்தின் அளவை அந்த இரண்டேகால் சதவீதம் உயர்த்திவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

உயர்த்திய பிறகு முதலில் உள்ளே போனவர் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர். தொண்டையில் புற்றுநோய், நான்காவது வாரம். தினமும் அவரைக் கூட்டிக்கொண்டு பொன்னேரி வழியாக மூன்று பஸ் மாறி வருவார் அவர் மனைவி. மீனவரால் பேச முடியாது என்பதால் அந்த அம்மாவே இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசுவார். "முப்பது வருசத்துல இப்பதான் வாய மூடிகினு கீறாரு. நல்லாத்தான் கீது," என்று அன்றைக்கு டெக்னீஷியனிடம் சொன்னார். மீனவர் தோளால் அவரை இடித்துவிட்டு உள்ளே போனார். நானும் சிரித்தேன். பிறகு குழந்தையை நினைத்து, அன்றைக்குச் சீக்கிரமே பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

வெள்ளிக்கிழமை காலை டெக்னீஷியன் என்னைத் தேடி வந்தார். தினமும் முதல் நோயாளிக்கு முன்னால் ஒரு தட்டையான பெட்டியை வைத்து இயந்திரத்தை மேலோட்டமாகச் சோதிப்பார்கள். மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் பச்சை விளக்கு. தினமும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்பது இன்றைக்கு இரண்டேகால் அதிகமாகக் காட்டுகிறது, பச்சைதான், இருந்தாலும் சொல்லிவிடலாம் என்று வந்தேன் என்றார். நேற்று உயர்த்தினேன் அல்லவா, அதனால்தான் என்று சொல்லி, அந்தப் பெட்டியின் பூஜ்யத்தைப் புதிய அளவுக்கு மாற்றி வைத்தேன். அவர் போய்விட்டார். அன்று மதியம் சீனியர் என் தாளைப் பார்த்தார். இரண்டாவது ஆளாக அவர் தனியாக அளந்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். கூட்டத்துக்குப் போன இரண்டு நாள் வேலை குவிந்து கிடந்தது. குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போட்டுவிட்டார்.

வியாழன் மதியத்துக்குப் பிறகு, வெள்ளி முழுக்க, சனி முழுக்க, முப்பத்து நான்கு பேர் அந்த இயந்திரத்தின் கீழே வந்து படுத்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. நான்கு நாளாகக் குளிக்காத பிள்ளை, லேசாக உடம்பு கழுவிவிடலாம் என்று வாளியைக் குழாயடியில் வைத்துத் திறந்தேன். கையை விட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். மாடி டேங்குத் தண்ணீர், வெந்நீர் மாதிரி இருந்தது. எப்போதும் நடப்பதுதான். பச்சைத் தண்ணீர் ஒரு குடம் எடுத்து விளாவ வேண்டும் என்று திரும்பினேன். குடத்தைத் தூக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

வியாழக்கிழமை அந்தத் தொட்டியில் இருந்தது என்ன தண்ணீர்?

பதினொரு மணிக்கு மேல் ரொப்பியது. நான் அளந்தது ஒன்றரைக்கு. இரண்டரை மணி நேரத்தில் அவ்வளவு தண்ணீர் இருபத்திரண்டுக்கு இறங்கியிருக்குமா? இறங்கியிருக்காது. முப்பது டிகிரிக்குப் பக்கமாக இருந்திருக்கும். சூடான காற்று, மெலிந்த காற்று, குறைந்த எண். இயந்திரம் சரியாகத்தான் இருந்தது. குறைந்தது என் கணக்கு. சரியாக இருந்ததை நான்தான் உயர்த்தியிருக்கிறேன். அந்தத் தட்டைப் பெட்டியும் அதைத்தான் சொன்னது. உண்மையிலேயே இயந்திரம் குறைவாகத் தந்திருந்தால் வியாழன் காலையே அது குறைவு என்று காட்டியிருக்க வேண்டும். அன்று காலை அது பூஜ்யத்தில்தான் நின்றது. வெள்ளிக்கிழமை அதிகம் என்று சொன்னதை நான் மாற்றிவிட்டேன்.

சேம்பரைப் பொருத்தும்போது என் விரல் தண்ணீரில் பட்டிருக்க வேண்டும். சில்லென்று இருந்ததா? வெதுவெதுப்பாக இருந்ததா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. தேன் வேண்டாம் என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது.

ஒருவேளை நான் வீணாகப் பயப்படுகிறேனோ என்றும் தோன்றியது. எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பேன், பால் பாட்டிலை இரண்டு முறை கொதிக்க வைப்பேன். சொன்னால் சீனியர் சிரிப்பாரோ என்றுகூட நினைத்தேன். மகள் ஈரத்தரையில் உட்கார்ந்து மக்கைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் துடைத்துச் சட்டை போட்டுவிட்டு அவருக்கு ஃபோன் செய்தேன்.

அவர் ஆர்.கே.பேட்டையில் தங்கை வீட்டு விசேஷத்தில் இருந்தார். பின்னால் மேளச் சத்தம். நான் சொல்லி முடித்ததும் மேளத்தை விட்டுத் தள்ளி வந்தார்.

"வெப்பமானியத் தண்ணில போட்டியா?"

"இல்ல சார்."

"மூணு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன். நீயும் வா. அதுவரைக்கும் எதையும் தொடாதே. எதையும் எழுதாதே."

எழுதாதே என்ற சொல்தான் எனக்குள் தங்கிவிட்டது. ஏன் எழுதக்கூடாது? முதலில் அளந்து உறுதிசெய்துகொள்வோம் என்ற அர்த்தமா? இல்லை, அந்தத் தாளில் அவர் கையெழுத்தும் இருக்கிறது என்ற அர்த்தமா?

கணவர் இரண்டு மணிக்குத்தான் ஷிஃப்ட் முடிந்து கிளம்புவார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். வீட்டு உரிமையாளர் அம்மா கறி கழுவிக்கொண்டிருந்தார். ஒரு அவசரம், இயந்திரத்தைப் பார்க்கணும் என்றேன்.

"ஞாயித்துக்கெழம கூடவா? மிஷினுக்கு ஜுரமா, புள்ளைக்கு ஜுரமா?"

"புள்ளைக்கு விட்டுடுச்சிம்மா."

"நீ போனா திரும்ப வரும் பாரு. சரி, குடு. அந்தாண்ட போய் அழுவாத, மூஞ்சியக் கழுவிகினு போ."

அழுகிறேன் என்பது அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

பெரியபாளையம் வரை ஒரு பஸ், அங்கிருந்து திருவள்ளூருக்கு இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டம், வேப்பிலையும் மஞ்சள் புடவையுமாகப் பஸ் நிலையமே நிறைந்திருந்தது. நாற்பது நிமிடம் நின்றேன். நின்றபடியே முப்பத்து நான்கு பேரையும் ஒவ்வொருவராக நினைவுக்குக் கொண்டுவந்தேன். மார்பகம் பதினொன்று. கர்ப்பப்பை வாய் ஒன்பது. கழுத்து, தொண்டை எட்டு. மூளையில் கட்டி உள்ள பையன் ஒருவன். மூன்று நாள் இரண்டேகால் சதவீதம் கூடினால் முப்பத்தைந்து நாள் சிகிச்சையில் அது எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். கால் சதவீதம்கூட வராது. யாருக்கும் எதுவும் ஆகாது என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் இரண்டேகால்தான் என்று யார் சொன்னது? தண்ணீர் முப்பது என்பது என் ஊகம். நாற்பதாக இருந்திருந்தால்? அப்படியிருந்தால் தட்டைப் பெட்டி சிவப்பு காட்டியிருக்கும் என்று என்னை நானே திருத்திக்கொண்டேன். அந்தப் பெட்டியைத்தான் நான் நம்பவில்லையே என்றும் உடனே தோன்றியது.

மூன்று மணிக்குச் சீனியர் பட்டு வேட்டி, நெற்றி நிறைய நாமத்தோடு வந்து சேர்ந்தார். வீட்டுக்குப் போய் உடை மாற்றக்கூட இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிராயரைத் திறந்து வெப்பமானியை எடுத்தார். மூன்று நாளாக அந்த அறையிலேயே நின்ற தண்ணீர் இப்போது இருபத்திரண்டு காட்டியது. சேம்பரை அவரே பொருத்தினார். என்னை மீட்டருக்கு முன்னால் உட்கார வைத்து, எண்ணை மட்டும் படி, கணக்குப் போடாதே என்றார். ஐந்து முறை படித்தேன். அவர் தனியாகத் திரும்பி உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டரை," என்றார். "அதிகம்."

பேனாவை மூடிவிட்டு, "மூணுக்குள்ளதான் இருக்கு," என்றார்.

அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது புரிந்தது. தினசரி சோதனையின் வரம்பு மூன்று. இப்போதே இறக்கி வைத்துவிட்டால் திங்கட்கிழமை எல்லாம் பழையபடி ஓடும். கேட்பவர் யாரும் இல்லை. எனக்கும் அது வேண்டும் போலத்தான் இருந்தது, மறைப்பதற்கில்லை. ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விடலாம். மகள் என்ன செய்கிறாளோ. ஆனால் அப்படிச் செய்தால் பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுப்பது போல இதையும் வாழ்நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருப்பேன் என்பதும் தெரிந்தது.

"பெட்டியோட பூஜ்யத்தையும் நான் மாத்திட்டேன் சார். எழுதணும்."

"எழுதினா உனக்கு ஒரு மெமோ வரும். எனக்கு என்ன வரும்னு யோசிச்சியா? அளக்காமலே சைன் பண்ணவன் நான்."

அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கனமான கதவு முழுதாகச் சாத்தவில்லை. யாரிடம் பேசுகிறார், என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமல் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். நிர்வாகத்திடம் பேசுகிறாரோ? என்னை மட்டும் காட்டிக்கொடுக்கிறாரோ? அவரைப் பற்றி அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். பிறகு அவர் குரல் கேட்டது. டாக்டரிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா டாக்டர், ரெண்டரை. வியாழன் மத்தியானத்துலேர்ந்து. எல்லாருக்கும். இல்ல, அந்தப் பொண்ணு மட்டும் இல்ல, நானும்தான்."

இயந்திரத்தை இறக்கினோம். அவர் ஒருமுறை, நான் ஒருமுறை, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் அளந்தோம். இரண்டும் ஒத்தது. தட்டைப் பெட்டியின் பூஜ்யத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். ஐந்தரை மணிக்கு அறிக்கையை எழுதி முடித்தோம்.

திங்கட்கிழமை டாக்டர் முப்பத்து நான்கு பேரின் ஃபைலையும் எடுத்து வைத்துப் பார்த்தார். யாருக்கும் சிகிச்சையை மாற்ற வேண்டியதில்லை என்றார். ஒவ்வொருவரிடமும் வாராந்தரப் பரிசோதனையின்போது தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். மீனவருக்குப் பரிசோதனை அன்றைக்கே.

நான் என் அறையில் இருந்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மீனவரின் மனைவி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"கரண்டு அளக்கறது நீதானா?"

கதிர்வீச்சை இங்கே எல்லோரும் கரண்டு என்றுதான் சொல்வார்கள். ஆமாம் என்று எழுந்து நின்றேன்.

"வெள்ளிக்கெழமலேர்ந்து கஞ்சி கூட எறங்கல அவருக்கு. டாக்டரு சொல்றாரு, நாலாவது வாரம், அப்படித்தான் இருக்கும்னு. நீ சொல்லு. நாலாவது வாரமா, உன் கணக்கா?"

நான்காவது வாரம்தான். கதிர் பட்ட தொண்டை அந்த வாரத்தில்தான் புண்ணாகும். மூன்று நாள் இரண்டரை சதவீதத்தால் அப்படி ஆகாது. இதையெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல, படித்த பாடத்தை ஒப்பிப்பது போல என் காதுக்கே கேட்டது. ஒரு துளிகூடக் காரணமில்லை என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால் அதையும் சொன்னேன். நாலாவது வாரம்தான், ஆனா தப்பு தப்புதான், அது என்னோடது என்றேன்.

"எப்படி வுட்ட?"

தண்ணீரின் கதையைச் சொன்னேன். பாதியிலேயே, அந்தத் தண்ணியக் காட்டு என்றார்.

யாரையும் அந்த அறைக்குள் சும்மா அழைத்துப் போவதில்லை. கதவருகே வந்து நின்ற சீனியரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். அடுத்த நோயாளிக்கு முன்னால் பத்து நிமிடம் இருந்தது. ஓரமாகத் தள்ளி வைத்திருந்த தொட்டியின் மேல்மூடியைத் தூக்கினேன். அந்த அம்மா தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். இதுதான் அவரா என்று கேட்டார். அவருக்குப் பதிலாக இது என்றேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டார்.

"ஐஸு மாதிரி கீது."

"அன்னைக்கு இப்படி இல்லம்மா. வெதுவெதுன்னு இருந்திருக்கும்."

"அப்போ கைய வுட்டிருந்தாலே தெரிஞ்சிருக்குமே."

கோபமாகச் சொல்லவில்லை. புரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் இருந்தது. தெரிஞ்சிருக்கும் என்றேன். அவர் கையை எடுத்து உதறினார். சில துளிகள் என் மேல் தெறித்தன. தலைப்பில் துடைத்துக்கொண்டு, மீனவர் உள்ளே வருவதற்கு முன்னால் வெளியே போய் நின்றுகொண்டார்.

அடுத்து மீனவர்தான். தலை அசையாமல் பிடிக்கும் முகக்கவசத்தை மாட்டி, தோளைச் சரிசெய்து, டெக்னீஷியன் வெளியே வந்து கதவை மூடினார். எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தும் வெளியே இருக்கும் கட்டுப்பாட்டுத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். கதிரின் அளவைக் காட்டும் எண்கள் ஏற ஆரம்பித்தன. பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அந்த அம்மா நோயாளிகளின் உறவினர்கள் வரக்கூடாத கோட்டைத் தாண்டி வந்து, என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். டெக்னீஷியன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கை காட்டி நிறுத்தினேன்.

"இன்னிக்கி எவ்ளோ?" என்றார் அந்த அம்மா.

சொன்னேன்.

"அது வந்தா நிக்குமா?"

"நிக்கும்."

எண் அங்கே வந்து நிற்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.